எவ்வளவு கொடுக்கும்? எவ்வளவு தாங்கும்?

கார் வாங்கப் போவதாகச் சொன்னதுமே வீட்டிலும் அலுவலகத்திலும் தெருவிலும் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு கொடுக்கும்?' என்பதுதான். எதைக் கொடுக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு பொருள் கிடையாது. இஎம்ஐ, இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே சம்பளத்தில் சமாளிக்கிற குடும்பத்துக்கு இது நியாயமான கேள்வி. ஆனால் அதே அக்கறையோடு, 'மோதினால் எவ்வளவு தாங்கும்?' என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கும் காரணம் இருக்கிறது. மைலேஜ் குறைந்தால் பெட்ரோல் பங்கில் வாரா வாரம் தெரிந்துவிடும். காரின் கூடு பலவீனமாக இருந்தால் பத்து வருடம் ஓட்டினாலும் தெரியாது. தெரியவரும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். சின்ன கார் வாங்குகிறவர்கள் மைலேஜுக்கு அதற்குத் தகுதியானதைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பாதுகாப்புக்கு ஒரு குறைந்தபட்ச அளவை முதலில் வைத்து, அதைத் தாண்டுகிற கார்களுக்குள் மட்டும் மைலேஜைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

பணத்திலிருந்தே தொடங்குவோம். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற ஒரு குடும்பக் கார். ஒன்று லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிறது, மற்றொன்று 18. முதலாவதற்கு வருடத்துக்கு 500 லிட்டர் பெட்ரோல் வேண்டும், இரண்டாவதற்குச் சுமார் 556 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 5,600 ரூபாய்க்குப் பக்கம். ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய், கடையில் ஒரு டீ குடிக்கிற காசு. பத்து வருடத்தில் இது 56,000 ரூபாய் ஆகும் என்பதை மறுக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். ஆனால் ஷோரூமில் '18 கொடுக்கும்', '20 கொடுக்கும்' என்று கேட்கும்போது மனதில் விழுகிற இடைவெளி இதைவிடப் பல மடங்கு பெரியது. காரணம், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் முறையே நம்மைத் தவறாக எண்ணவைக்கிறது. லிட்டருக்கு 10 கொடுத்த வண்டி 12 கொடுத்தால், அதே பத்தாயிரம் கிலோமீட்டரில் 167 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 22 கொடுத்தால் மிச்சம் வெறும் 45 லிட்டர். இரண்டு இடத்திலும் கூடியது அதே 2 கிலோமீட்டர்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தை விளக்கி எழுதினார்கள். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் குறிப்பிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நம்முடைய 20-ம் 22-ம் ஐந்து லிட்டர், நாலரை லிட்டர் என்றாகிவிடும். பெரிய வண்டியில் மைலேஜ் கூடினால் கையில் காசு நிற்கும். ஏற்கெனவே சிக்கனமான சின்ன கார்களுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்காக அடித்துக்கொள்வதில் அவ்வளவு பயனில்லை.

அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரும் உறுதியானதல்ல. விளம்பரத்தில் வருகிற எண் சாலையில் எடுத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் காரை நிறுத்தி, ஏசியை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஒரு குறிப்பிட்ட முறையில் ஓட்டி அளந்தது. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்த எண் கிடைக்காது. டயரில் காற்று குறைந்தால் ஒரு பங்கு போகும், அவசரமாக ஆக்சிலேட்டரை மிதிக்கிற பழக்கத்தில் இன்னொரு பங்கு போகும். இரண்டு கார்களுக்கு நடுவில் இருக்கிற மைலேஜ் வித்தியாசத்தை, அதை ஓட்டுகிறவரின் வலது கால் ஒரே வாரத்தில் அழித்துவிடக்கூடும்.

இனி மோதலுக்கு வருவோம். கார்களை மதிப்பிடுகிற பல அமைப்புகள் முன்பக்க மோதலுக்கு வைத்திருக்கும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் இதை யாரும் வேகம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வேகத்தில் போகிற கார் சட்டென்று நின்றால், 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி அறுபது சென்டிமீட்டர் நசுங்கி அந்த வேகத்தை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கிற 60 கிலோ மனிதர் அந்தக் கணத்தில் ஒன்றரை டன்னுக்கு மேலான விசையைத் தாங்க வேண்டும். எனவே நல்ல கார் இரண்டு வேலை செய்கிறது. பானட் பகுதி நிதானமாக, திட்டமிட்டபடி மடங்கி வேகத்தை விழுங்க வேண்டும். அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிற கூடு மடங்கவே கூடாது. 'பம்பரைத் தட்டிப் பார்த்தேன், தகரம் மெல்லிசு' என்று ஷோரூமில் விரலால் தட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தத் தகரத்துக்கும் உயிருக்கும் பெரிய தொடர்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கி நிற்கிற தூணிலும் கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டத்திலும்தான் விஷயம் இருக்கிறது.

இதை இந்தியர்கள் கண்ணால் பார்த்தது 2014 ஜனவரியில். லண்டனைச் சேர்ந்த குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்ற சின்ன கார்களில் ஐந்தை எடுத்து, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை மோதவிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். இவற்றில் ஐ10 இருங்காட்டுக்கோட்டையில் உருவானது, ஃபிகோ மறைமலை நகரில். அந்தச் சோதனைகளின் வீடியோவை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கார் ஓட்டுநர் பக்கமாக, முகப்பின் நாற்பது சதவீத அகலம் மட்டும் தடுப்பில் படும்படி மோதுகிறது. கூடு தாங்காத காரில் முன்தூண் பின்னோக்கி வளைகிறது, கதவின் மேல்சட்டம் நடுவில் கூடாரம்போல் மடிகிறது, ஸ்டீயரிங் மேலே எழும்பி டம்மியின் முகத்தை நோக்கி வருகிறது, கால் வைக்கிற இடம் கிழிகிறது. அறிக்கையில் டம்மியின் படத்துக்குத் தலை, மார்பு, தொடை, பாதம் என்று தனித்தனியே வண்ணம் தீட்டியிருப்பார்கள். பச்சை என்றால் தப்பிக்கும் இடம், சிவப்பு என்றால் கடுமையாக அடிபடுகிற இடம்.

அந்த ஐந்து பூஜ்யங்களும் ஒரே வகை அல்ல என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே நிலைகுலைந்தது. ஃபிகோ, போலோ இரண்டிலும் கூடு அசையாமல் நின்றது, ஏர்பேக் இல்லாததால்தான் தலை அடிபட்டது. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஃபோக்ஸ்வேகன் அதன் பிறகு ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே நிறுத்திவிட்டது. கூடு சரியாக இருந்தால் ஏர்பேக் உயிரைக் காக்கும். கூடு சுருங்கிவிட்டால் ஏர்பேக் விரிவதற்கும் இடமிருக்காது. 'ஆறு ஏர்பேக் இருக்கிறது சார்' என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு நிம்மதியடைகிறவர்கள், கூடு நிலையானதா என்று அறிக்கையில் எழுதியிருக்கும் ஒற்றை வரியையும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தவை நம்பிக்கை தருகின்றன. முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகளை 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் அரசு கட்டாயமாக்கியது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், இந்தியாவில் தயாராகி, இங்கேயே விற்று, குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் கார் ஆனது. 2020-ல் டாடாவின் சின்ன ஹேட்ச்பேக் டியாகோ நான்கு நட்சத்திரமும், 2021-ல் பன்ச் ஐந்து நட்சத்திரமும் வாங்கின. இரண்டிலும் அப்போது இருந்தவை இரண்டே ஏர்பேக்குகள். 2023 அக்டோபரில் நமக்கென்று பாரத் என்கேப் வந்தது. இதற்கெல்லாம் மேலாக, மைலேஜுக்குப் பேர் போன மாருதியின் கதையே என் வாதத்துக்குச் சரியான சாட்சி. அந்த நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 2018-ல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது, 2022-ல் கடுமையாக்கப்பட்ட விதிகளில் ஒன்றுதான் வாங்கியது. எடை குறைந்த, சிக்கனமான கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். 2024 நவம்பரில் புதிய டிசையர் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன் பெட்ரோல் மாடலின் எடை ஒரு டன்னைத் தொடவில்லை. மேனுவல் கியரில் நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர். ஒன்று வேண்டுமென்றால் மற்றதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை. அதிக வலிமை கொண்ட எஃகு வந்த பிறகு, அதே உறுதியை மெல்லிய தகட்டில் பெற முடிகிறது. ஏர்பேக் ஒவ்வொன்றும் சில கிலோதான். காரின் எடையில் நூறு கிலோ கூடினாலும், சில சதவீத எரிபொருள்தான் கூடுதலாகப் போகும்.

எடை பற்றிய ஒரு கடினமான எதிர்வாதத்தை இங்கே எதிர்கொண்டே ஆக வேண்டும். நட்சத்திரங்கள் எத்தனை இருந்தாலும் சின்ன கார் சின்ன கார்தானே, பெரிய வண்டி மோதினால் நசுங்கத்தானே செய்யும்? இது உண்மை. எண்ணூறு கிலோ காரும் ஆயிரத்து அறுநூறு கிலோ காரும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கனமான கார் இழக்கிற வேகம் 33, இலேசான கார் இழப்பது 67. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009-ல் தனிச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மூன்று சின்ன கார்களை நடுத்தரக் கார்களோடு மோதவிட்டது. மூன்றும் 'மோசம்' என்ற மதிப்பீடு பெற்றன. எரிபொருள் சிக்கனச் சட்டத்தால் அமெரிக்கக் கார்கள் இலேசானது பற்றி அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றம் 2002-ல் அறிக்கை தந்தது. 1993-ம் ஆண்டில் மட்டும் கூடுதலாக 1,300 முதல் 2,600 பேர் இறந்திருக்கலாம் என்றது அந்த அறிக்கை. குழுவில் இருவர் அதை ஏற்கவில்லை. பிற்பாடு அமெரிக்கா எல்லாக் காருக்கும் ஒரே இலக்கு என்பதைக் கைவிட்டு, நான்கு சக்கரங்களுக்கு இடையிலான பரப்பளவுக்கு ஏற்ப இலக்கு வைத்தது.

ஆனால் இதே காப்பீட்டு நிறுவனம் அதே 2009-ல் இன்னொன்றும் செய்தது. 1959-ல் வந்த செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் மோதவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. பழைய காரின் ஓட்டுநர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை, புதிய காரின் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். எடைக்கு ஒரு பங்கு உண்டு, கூட்டின் வடிவமைப்புக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. அதோடு நம் சாலைகளில் எதிரே வருவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அதே ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருவது பதினாறு டன் லாரி என்றால் 900 கிலோ கார் இழக்கிற வேகம் 95 கிலோமீட்டர். கூடுதல் பணம் கொடுத்து 1,300 கிலோ கார் வாங்கியிருந்தாலும் 92 தான். லாரிக்கு முன்னால் இந்த நானூறு கிலோவுக்கு மதிப்பே இல்லை. அந்த வேகத்துக்கு எந்தச் சின்ன காரின் நட்சத்திரமும் உத்தரவாதம் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறம் மோதினால், பானட் அடியில் நுழைந்து, லாரியின் தளம் நேரே கண்ணாடியில் இடிக்கும். நசுங்க வேண்டிய முன்பகுதிக்கு அங்கே வேலையே இல்லை. ஒப்பிடும்போது சம எடையுள்ள கார்களை ஒப்பிட வேண்டும், மோதல் சோதனை காட்டுவது அதைத்தான்.

இரண்டாவது எதிர்வாதம் விலை பற்றியது. மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா இதைப் பலமுறை பொதுவெளியில் வைத்திருக்கிறார். பாதுகாப்பு விதிகளால் சின்ன கார் விலை ஏறினால், இரண்டு சக்கர வண்டியில் போகிற குடும்பம் அதிலேயே தங்கிவிடும், கார்களைவிட அதில்தான் ஆபத்து அதிகம் என்பது அவர் வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய நாற்பத்தைந்து சதவீதம் பேர் இரண்டு சக்கர வண்டிகளில் போனவர்கள். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று பைக்கில் போகிற குடும்பத்துக்கு ஒரு நட்சத்திரக் கார்கூட முன்னேற்றம்தான். எல்லாக் காருக்கும் ஆறு ஏர்பேக் என்ற அரசின் திட்டமும் 2023-ல் கைவிடப்பட்டது. ஆனால் இந்த வாதம் சட்டம் எழுதுகிறவருக்குப் பொருந்தும் அளவுக்கு, கையில் பணத்தோடு இரண்டு கார்களுக்கு நடுவில் நிற்கிறவருக்குப் பொருந்தாது. அவர் கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். அதே விலையில் நான்கு நட்சத்திரக் காரும் இரண்டு நட்சத்திரக் காரும் இருக்கும்போது பைக்கைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது மிஞ்சிய பணம், அலாய் வீலுக்கும் பெரிய டச் ஸ்கிரீனுக்கும் போவதைவிட, இஎஸ்பி உள்ள வேரியன்டுக்குப் போயிருந்தால் நல்லது. வழுக்கும் சாலையில் திடீரென்று ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் போட்டு வண்டியை நேராக்குகிற அந்த வசதி, மோதலே நடக்காமல் காக்கும்.

'நான் ஊருக்குள்தான் ஓட்டுகிறேன், நாற்பதைத் தாண்டுவதில்லை' என்பவர்களும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் நகர்கிற வரிசையில் இருப்பவை இதே ஊருக்குள் ஓடுகிற கார்கள்தான். அன்று வண்டி நிறைய ஆட்களும் இருப்பார்கள். நிதானமாக ஓட்டுவது தன் தவறால் வரும் விபத்தைத் தவிர்க்கும். சாலையின் தவறான பக்கத்தில் வருகிறவரிடமிருந்து அது காக்காது.

ஆனாலும் ஓட்டுகிறவர் கையில் ஒன்று இருக்கிறது. மைலேஜும் பாதுகாப்பும் சண்டையில்லாமல் கைகோக்கிற ஒரே இடம் அதுதான்: வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, மோதலின் ஆற்றலும் அப்படியே. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால், வேகம் கூடியது இருபத்தைந்து சதவீதம். காற்றைத் தள்ளுவதற்கான விசை 56 சதவீதம் கூடுகிறது, மோதினால் விழுங்க வேண்டிய ஆற்றலும் அதே 56 சதவீதம் கூடுகிறது. சென்னையிலிருந்து திருச்சி வரை எண்பதில் போகிறவர் அரைமணி, முக்கால்மணி நேரம் தாமதமாகப் போவார். மைலேஜுக்காகக் காரைத் தேர்ந்தெடுத்தவர், அந்த மைலேஜை உண்மையிலேயே பெறும் வழியும் இதுதான்.

சீட் பெல்ட் இல்லாவிட்டால் நட்சத்திரத்துக்குப் பொருளே இல்லை. சோதனையில் டம்மிகள் எல்லாம் பெல்ட் போட்டிருக்கும். 2022-ல் பெல்ட் போடாமல் காரில் இறந்தவர்கள் 16,715 பேர், அதில் பாதி பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள். எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகக் கொக்கியில் செருகும் போலி கிளிப்புகளை இணையத்தில் விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட வேண்டியிருந்தது. பின்சீட்டில் பெல்ட் போடாத பெரியவர் முன்சீட்டில் இருப்பவரின் முதுகில்தான் வந்து விழுவார். அம்மா மடியில் இருக்கும் பத்து கிலோ குழந்தை, ஐம்பது கிலோமீட்டர் வேக மோதலில் இருநூறு கிலோவாக முன்னால் பாயும். எந்தத் தாயின் கைக்கும் அதைப் பிடிக்கும் வலு கிடையாது.

எனவே ஷோரூமுக்குப் போகிற அன்று பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை, எந்த ஆண்டு விதியில் எடுத்தது, கூடு நிலையானது என்று அறிக்கை சொல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விலைப்பட்டியலை மூடிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார வேண்டும். நடுவில் இருப்பவருக்குத் தோள் வழியாக வருகிற பெல்ட் இருக்கிறதா, தலைக்குத் தாங்கல் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டெலிவரி அன்று பலர் முதல் வேலையாகச் செய்வது மொத்தமான சீட் கவர் போடுவது. இந்தக் கொக்கிகளும் பெல்ட் பூட்டுகளும் அதற்கு அடியில் புதைந்துபோகும். முன்சீட்டின் வெளி ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சின்னப் பட்டி தைத்திருந்தால், பக்கவாட்டுப் பை அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இறுக்கமான கவர் அதன் வாயை அடைத்துவிடும். அந்தப் பட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் திறந்துவிடும்படி தைத்துத் தரச் சொல்லி, பிறகு கவருக்கு ஆர்டர் கொடுக்கலாம்.